வேகத்தின் வர்க்கம்

(நமது சங்கத்தின் டில்லி கிளைக் காலாண்டுக் கூட்டத்தில், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத வெளியூர் அங்கத்தினர்களின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)

 

நம் கூட்டங்களில் உபன்யாசம் கேட்டிருக்கிறோம். சர்க்கரை நோய் பற்றியும், பென்ஷன் பற்றியும், உயில் எழுதுவது பற்றியும் கேட்டிருக்கிறோம். இந்த முறை விஞ்ஞானத்தில் ஏதாவது எளிமையாகப் பேசுங்கள் என்று செயலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் 1969-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவன். அதற்குப் பிறகு என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் கோப்புகளோடுதான் கழிந்தது. ஆனால் அன்று படித்த ஒரு சூத்திரம் இன்றும் தினமும் எனக்குப் பயன்படுகிறது. வீட்டை விட்டு வெளியே காலடி வைக்கும் ஒவ்வொருவருக்கும் அது பயன்படும் என்பதால் அதையே இன்றைய விஷயமாக எடுத்துக்கொண்டேன். அதுதான் இயக்க ஆற்றல். ஆங்கில வழியில் படித்தவர்கள் கைனடிக் எனர்ஜி என்று படித்திருப்பீர்கள்.

சூத்திரம் மிகச் சிறியது. பொருளின் நிறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேகத்தை அதே வேகத்தால் பெருக்குங்கள். இரண்டையும் பெருக்கி வரும் தொகையில் பாதி எடுத்தால், அதுவே அந்தப் பொருளின் இயக்க ஆற்றல். நிறை கிலோகிராமிலும் வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் இருந்தால் விடை ஜூல் கணக்கில் வரும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நாம் பேசுவதை 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைத்துவிடும்.

ஒரு ஜூல் என்பது எவ்வளவு? நூறு கிராம் காப்பிப்பொடிப் பொட்டலத்தைத் தரையிலிருந்து எடுத்து ஒரு மீட்டர் உயரமுள்ள மேடையில் வைக்க ஆகும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு ஜூல். இதை மனதில் வைத்துக்கொண்டு, நான் வீட்டில் போட்டுப் பார்த்த இந்தக் கணக்கைக் கேளுங்கள். எடைகள் எல்லாம் தோராயமானவை.

மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் காலை நடை செல்லும் 70 கிலோ மனிதர்: 68 ஜூல்.
மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் 160 கிராம் கிரிக்கெட் பந்து: 121 ஜூல்.
பழைய .303 துப்பாக்கியின் 11.3 கிராம் குண்டு, விநாடிக்கு 744 மீட்டர் வேகத்தில்: சுமார் 3,100 ஜூல்.
ஓட்டுபவரோடு சேர்த்து 180 கிலோ உள்ள ஸ்கூட்டர், 40 கி.மீ. வேகத்தில்: 11,100 ஜூல்.
1,200 கிலோ கார், 60 கி.மீ. வேகத்தில்: 1,66,700 ஜூல்.
15 டன் நகரப் பேருந்து, 30 கி.மீ. வேகத்தில்: 5,20,800 ஜூல்.
முன் சொன்ன அதே கார், 120 கி.மீ. வேகத்தில்: 6,66,700 ஜூல்.

இந்தப் பட்டியலில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நாம் உட்கார்ந்து ஓட்டும் சாதாரண ஸ்கூட்டர் 40-ல் போகும்போதே மூன்று துப்பாக்கிக் குண்டுகளுக்கு மேற்பட்ட ஆற்றலைச் சுமந்துகொண்டு போகிறது. இரண்டாவது, கார் 60-லிருந்து 120-க்குப் போனபோது வேகம் இரண்டு மடங்கானது, ஆற்றல் நான்கு மடங்கானது. மூன்றாவது, சிறிய கார் 120-ல் பறக்கும்போது, ஆட்கள் நிரம்பிய பேருந்து 30-ல் வருவதைவிட அதிக ஆற்றல் அதற்கு இருக்கிறது. பேருந்தைப் பார்த்தால் நாம் ஒதுங்குகிறோம். காரைப் பார்த்து, 'சின்ன வண்டிதானே' என்கிறோம்.

இதற்கெல்லாம் காரணம் அந்த வர்க்கம்தான். நிறை கணக்கில் ஒரு முறை வருகிறது, வேகம் இரண்டு முறை வருகிறது. 60-ல் போகிறவர், 'இன்னும் ஒரு இருபதுதானே' என்று 80-க்குப் போகிறார். அறுபதின் வர்க்கம் 3,600, எண்பதின் வர்க்கம் 6,400. வித்தியாசம் 2,800. முதல் அறுபது கிலோமீட்டர் வேகம் கொடுத்த ஆற்றலில் முக்கால் பங்குக்கும் மேலான ஆற்றலை, கடைசியில் சேர்த்த இருபதே கொடுத்துவிடுகிறது. வேகம் ஏற ஏற, ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டருக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது.

இந்த வர்க்கத்தை ஒப்புக்கொள்ளப் பெரிய பெரிய அறிஞர்களுக்கே வெகு நாள் பிடித்தது. ஜெர்மானிய மேதை லைப்னிட்ஸ் 1686-ல் இதை எடுத்துச் சொன்னபோது, ஐரோப்பாவில் பலர் ஏற்கவில்லை. நிறையை வேகத்தால் ஒரு முறை பெருக்கினால் போதும் என்று வாதாடினார்கள். ஹாலந்து நாட்டுப் பேராசிரியர் கிராவெஸாண்டே, பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழச் செய்து சோதித்தார். வேகம் இரண்டு மடங்கானால் களிமண்ணில் ஏற்படும் குழிவு நான்கு மடங்காகிறது என்று கண்டார். பிரெஞ்சுப் பெண்மணி எமிலி து ஷாத்லே 1740-ல் வெளியிட்ட தம் நூலில் லைப்னிட்ஸ் பக்கம் நின்றார். நியூட்டனின் மாபெரும் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் இவரே. 1749-ல் பிரசவத்தை அடுத்து, 42 வயதில் காலமானார். மொழிபெயர்ப்பு முழுமையாக 1759-ல்தான் வெளிவந்தது. சூத்திரத்தில் உள்ள அந்தப் பாதியைச் சேர்த்து இன்றைய வடிவம் கொடுத்தவர் கொரியோலிஸ், 1829-ல்.

களிமண் சோதனையை நம் வீட்டுச் சமையலறையிலேயே செய்யலாம். தளர்வாகப் பிசைந்த சப்பாத்தி மாவை ஒரு தட்டில் கனமாகப் பரப்பி, ஒரு கோலிகுண்டைக் கால் மீட்டர் உயரத்திலிருந்து போடுங்கள். பிறகு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுங்கள். உயரம் நான்கு மடங்கு, ஆனால் விழும் வேகம் இரண்டே மடங்குதான். இரண்டு பள்ளங்களையும் பேரக் குழந்தைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மாமிகள் மாவுக்காக என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

கோலிகுண்டு விழுந்த அந்த உயரக் கணக்கிலிருந்துதான் எனக்கு மிகவும் பயன்படும் வழி ஒன்று கிடைத்தது. ஜூல் என்றால் மனதில் ஒன்றும் தோன்றாது. உயரம் என்றால் உடனே தோன்றும். எந்த வேகத்தில் போகிறோமோ, அந்த வேகத்தைப் பெற எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும் என்று கணக்கிடலாம். வழி இதுதான்: மணிக்கு இத்தனை கி.மீ. என்ற வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பது உயரம், மீட்டரில். உதாரணமாக அறுபது. வர்க்கம் 3,600. நான்கால் பெருக்கினால் 14,400. மூன்று இலக்கங்களை விட்டால் 14 மீட்டர். துல்லியமான கணக்கோடு மிகச் சிறிய வித்தியாசமே வரும்.

மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 கி.மீ. வேகம் என்பது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. 40 என்பது இரண்டாவது மாடி. 60 என்பது ஏறக்குறைய ஐந்தாவது மாடி. 80 என்பது எட்டாவது மாடி. 100 என்பது பதின்மூன்றாவது மாடி. 135-ல் போகிறேன் என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளை, ஏறக்குறைய 73 மீட்டர் உயரமுள்ள குதுப்மினாரின் உச்சியிலிருந்து விழும் வேகத்தில் போகிறான். எட்டாவது மாடி பால்கனியில் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் நாம் பக்கத்திலேயே போகமாட்டோம். ஆனால் 80-ல் போகும் காரின் பின் ஸீட்டில் பெல்ட் போடாமல் தூங்கிக்கொண்டு வருகிறோம்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். 60-ல் போகும் காரின் ஆற்றல் 1,66,700 ஜூல் என்றேனே, அது அப்படி ஒன்றும் பெரிய தொகை இல்லை. அரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதி நிலைக்குக் கொண்டுவர ஆகும் ஆற்றலும் ஏறக்குறைய அதே அளவுதான். நாலு பேருக்குக் காப்பி போடும் வெந்நீர்! பிறகு ஏன் அது உயிரைக் குடிக்கிறது? அடுப்பு அதைச் சில நிமிஷங்களில் கொடுக்கிறது. சுவரில் மோதும் கார் அதை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், அரை மீட்டர் சொச்சம் தூரத்துக்குள் இறக்கி வைத்தாக வேண்டும். ஆற்றலை எவ்வளவு குறைந்த தூரத்தில் இறக்குகிறோமோ, அவ்வளவு பெரிய விசை உடம்பின் மேல் விழும்.

சீட் பெல்ட்டின் ரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. 60-ல் போகும் காரில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் இருந்தால் அவருடைய பங்கு 8,300 ஜூல். காரின் முன்பகுதி நசுங்கும்போது, பெல்ட் அணிந்தவர் காரோடு சேர்ந்து சுமார் அரை மீட்டர் தூரத்தில் நிற்கிறார். அப்போது அவர் மேல் விழும் சராசரி விசை ஏறக்குறைய 1,700 கிலோ எடைக்குச் சமம். மார்பிலும் இடுப்பு எலும்பிலும் பரவலாக விழுவதால், காயத்தோடு பிழைக்க வாய்ப்பு உண்டு. பெல்ட் அணியாதவர் கார் நின்ற பிறகும் அதே 60-ல் பறந்து சென்று, முன் ஸீட்டில் பத்து சென்டிமீட்டரில் நிற்கிறார் என்றால் விசை எட்டரை டன். அதுவும் தலையிலோ கழுத்திலோ விழும். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின் ஸீட்டில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தார்கள். பெரிய கார், விலையுயர்ந்த கார் என்பதெல்லாம் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். பத்து கிலோ குழந்தை, 50 கி.மீ. வேகம், அரை மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் கண நேரத்தில் பாட்டியின் கைகள் ஏறக்குறைய இருநூறு கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். எந்தப் பாட்டியாலும் முடியாது, எந்த பயில்வானாலும் முடியாது. குழந்தைக்குரிய தனி இருக்கையைப் பின் ஸீட்டில் பொருத்தி, அதில் உட்கார வையுங்கள். முன் ஸீட்டில் மடியில் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது. விரியும் ஏர்பேகே குழந்தையைத் தாக்கிவிடும்.

இப்போது வண்டிக்கு வெளியே இருப்பவரைப் பார்ப்போம். நம் காலனித் தெருவில் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. நடுவிலிருந்து ஒரு குழந்தை பந்தின் பின்னால் ஓடி வருகிறது. காருக்கும் குழந்தைக்கும் இடையே 20 மீட்டர். ஓட்டுபவர் பார்த்து, புரிந்துகொண்டு, காலை பிரேக்கில் வைக்க ஒரு விநாடி ஆகிறது. சாலை காய்ந்திருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது.

40-ல் வந்த கார் அந்த ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து மேலும் 9 மீட்டர் ஓடி, குழந்தைக்கு மிக அருகில் வந்து நின்றுவிடும். 50-ல் வந்த கார் ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடுகிறது. பிரேக்குக்கு மிச்சம் 6 மீட்டர். அது குழந்தையை 37 கி.மீ. வேகத்தில் மோதும். 60-ல் வந்த காருக்கு பிரேக் போட மூன்று மீட்டர் சொச்சமே மிச்சம். அது மோதும் வேகம் 55.

இது ஏன் என்று பார்த்தால், பிரேக் ஒவ்வொரு மீட்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றலைத்தான் எடுக்க முடியும். அதிக ஆற்றலோடு வந்தால் அதிக மீட்டர் வேண்டும். அந்த மீட்டர்களை ஓட்டுபவர் யோசிக்கும்போதே வண்டி தின்றுவிடுகிறது. 40-க்கும் 50-க்கும் ஸ்பீடாமீட்டரில் விரற்கடை அளவுகூட வித்தியாசம் இருக்காது. தெருவில் அது ஒரு குழந்தையின் உயிர். மழை பெய்திருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையொட்டியே இருக்கிறது. சராசரி வேகம் ஒரு சதவிகிதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் நான்கு சதவிகிதம் கூடுகிறது. நடந்து செல்பவர் மேல் கார் மோதும் வேகம் 50-லிருந்து 65-ஆக உயர்ந்தால், அவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது.

நம் நாட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். மணிக்குச் சராசரி 19 பேர். நாம் இங்கே இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மரணங்களில் 71.2 சதவிகிதம் அதிவேகத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது. இறந்தவர்களில் ஹெல்மெட் அணியாதவர்கள் 50,029 பேர். சீட் பெல்ட் அணியாதவர்கள் 16,715 பேர். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வண்டி ஓட்டாமல் கூட வந்தவர்கள்.

ஹெல்மெட்டின் வேலையும் தூரத்தைக் கூட்டுவதுதான். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற கனமான பகுதி நசுங்கி, தலை நிற்பதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கொடுக்கிறது. வெறும் தலை தரையில் மோதினால் சில மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். அந்த இரண்டு சென்டிமீட்டருக்காகத்தான் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். பட்டையைக் கட்டாமல் வைத்துக்கொண்டால், தலைக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துவிடும். பின்னால் உட்காருபவருக்கும், நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் அவசியம் என்பதே சட்டம்.

ரயிலைச் சொல்லாமல் விட்டால் டில்லிவாசி என்று சொல்லிக்கொள்ள முடியாது. எஞ்சினோடு சேர்த்து 1,200 டன் எடையுள்ள விரைவு ரயில் 130-ல் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 78 கோடி ஜூல். ஓடுதளத்தில் 240 கி.மீ. வேகத்தில் இறங்கும் 64 டன் ஏர்பஸ் விமானத்துக்குக்கூட 14 கோடிதான். ரயில் அவசர பிரேக் போட்டாலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். டிரைவர் நம்மைப் பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று நம்பித் தண்டவாளத்தைக் கடக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். 78 கோடி ஜூல் என்பது மின்சாரக் கணக்கில் 217 யூனிட். அதை வெறும் சூடாக வீணாக்காமல், பிரேக் போடும்போதே மின்சாரமாக மாற்றித் திருப்பிக் கொடுக்கும் முறை இன்று இருக்கிறது. டில்லி மெட்ரோ இதைச் செய்து, 2007-ல் ஐக்கிய நாடுகள் சபையின் கார்பன் குறைப்புத் திட்டத்தில் உலகின் முதல் ரயில் திட்டமாகப் பதிவு பெற்றது நமக்குப் பெருமை.

வேகத்தால் நமக்கு மிச்சமாவது என்ன என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா செல்லும் யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கி.மீ. நூறில் போனால் 99 நிமிஷம். 120-ல் போனால் ஏறக்குறைய 83 நிமிஷம். மிச்சம் 16 நிமிஷம். அதற்காக ஆற்றலை 44 சதவிகிதம் கூட்டிக்கொள்கிறோம். பதின்மூன்றாவது மாடியிலிருந்து பத்தொன்பதாவது மாடிக்கு ஏறுகிறோம். ஆக்ராவில் போய் அந்த 16 நிமிஷத்தில் என்ன செய்யப் போகிறோம்?

கடைசியாக, நாம் வீட்டில் செய்யக்கூடியவை சில.

1. காரில் ஏறியதும் பின் ஸீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்ட பிறகே வண்டி கிளம்ப வேண்டும். பெரியவர்கள் நாமே முதலில் போட்டுக்கொண்டால் குழந்தைகள் தாமாகவே போடுவார்கள்.

2. காலனிக்குள்ளும் பள்ளிக்கூடம், கோவில் அருகிலும் 30-க்கு மேல் வேண்டாம். மக்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களுக்கு 30-ஐத்தான் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனமும் வரம்பாகச் சொல்கிறது.

3. வயதானவர்கள் பத்து மீட்டர் சாலையைக் கடக்கப் பத்து விநாடி ஆகலாம். 60-ல் வரும் கார் அதற்குள் 167 மீட்டர் வந்துவிடும். தூரத்தில்தானே வருகிறது என்று இறங்காதீர்கள். சிக்னல் இருக்கும் இடத்தில் கடந்து செல்லுங்கள்.

4. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான் என்று பதினெட்டு வயது ஆகாத பேரனுக்கு மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், குழந்தை நமக்கு வேண்டும்.

5. பேரன் பேத்திகளிடம் 'மெதுவாகப் போ' என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். அந்த நான்கால் பெருக்கும் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். 'இப்போது எத்தனையாவது மாடியில் போகிறாய்?' என்று கேளுங்கள். என் வீட்டில் என் பேத்தி இப்போது தன் அப்பாவையே இப்படிக் கேட்கிறாள். அவர் காலைக் கொஞ்சம் எடுத்துவிடுகிறார்.

 வெளியே காப்பி தயாராக இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். அருந்திவிட்டு, பெல்ட்டும் ஹெல்மெட்டும் அணிந்து, எல்லோரும் க்ஷேமமாக வீடு போய்ச் சேருங்கள்.